நாற்பத்தொன்று புள்ளி இரண்டு

புதுப்பேட்டையில் வெறும் சட்டமாகத்தான் கிடைத்தது.
சக்கரமில்லை, செயினில்லை,
கழுத்துப் பித்தளையில் பாதி ராலே.
இரும்பு எடைக்கே தருகிறேன் என்றார் இம்தியாஸ்.
தராசில் நிற்காமல் அது ஒருபக்கமாகச் சாய்ந்தபோதே
எனக்குப் பிடித்துவிட்டது.

மூன்று வாரம் மண்ணெண்ணெயில் ஊறியது,
குளியலறைக்கும் கதவுக்கும் நடுவே.
வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு
வாடகையை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.
துரு போனதும் அடியில் பச்சை,
ஊறவைத்த பட்டாணிப் பச்சை.
அதன்மேல் நான் பெயின்ட் அடிக்கவில்லை.

பழைய சைக்கிள்காரர்கள்
ஞாயிறு காலை பெசன்ட் நகரில் கூடுவார்கள்.
ஒருவர் குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார்.
டேபிள் ஃபேன் வலையை வளைத்துச் செய்த கூடை.
நெய் டின்னில் வெட்டிய செயின் கவர்,
அதன் உள்பக்கம் ஒரு பசுவின் அரை முகம்.
பின் மட்கார்டில் தொங்குவது கல்யாண பேனரின் ஓரம்:
"வருக வருக"வில் எனக்கு வாய்த்தது "ருக".
"இதையெல்லாம் கழற்றிட்டா நாற்பதாயிரம் தர்றேன்.
ஒரிஜினலா இருக்கணும் மேடம்."
அவர் கண் கடைசியாக இடது பெடலுக்கு வந்தது.
அங்கிருந்து என் செருப்புக்கு.
பிறகு கடலைப் பார்த்துப் பேசினார்.

ஒரிஜினலாக எனக்கு
இடது கால் குட்டை.
எவ்வளவு என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை.
"கொஞ்சம்" என்பார்கள், அம்மாவைப் பார்த்து.
அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலை வெர்னியர் பிடிப்பது.
"கொஞ்சம்" என்று ரிப்போர்ட் எழுதினால்
அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.
ஒரு சாப்பாட்டு இடைவேளையில்
சுவரில் முதுகை ஒட்டி நின்றேன்.
குதிகாலடியில் கழிவுத் தகடுகளை அடுக்கினோம்.
ஜெரினா என் இடுப்பில் ரசமட்டத்தை வைத்தாள்.
"இன்னொண்ணு. இன்னொண்ணு. அய்யோ அதிகம், எடு."
குமிழி நடுவில் நின்றது.
அடுக்கை அப்படியே பிடித்து அளந்தோம்.
நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
முப்பத்தாறு வயதில்
என் கால் ஒரு எண் ஆனது.
"டாலரன்ஸ் எவ்ளோடி?" என்றாள் ஜெரினா.

அந்த அளவுக்குத்தான் பெடல் மேல் அந்தக் கட்டை.
உடைந்த கேரம் போர்டின் சட்டம்,
இரண்டு துண்டு ஒட்டி இழைத்தது, மேலே செருப்பு ரப்பர்.
போல்ட்டின் தலையை அரத்தால் ராவி முக்கோணமாக்கினேன்.
அதற்குச் சாவி உலகத்தில் ஒன்றுதான்,
என் டிபன் பையில், ஊறுகாய் டப்பாவை ஒட்டி.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
மீட்டர் பெட்டிக்கு அடியில் சைக்கிள் இல்லை.
பூட்டுச் சங்கிலி மட்டும் கிடந்தது.
பிசிறில்லாத வெட்டு. நல்ல கட்டர் வைத்திருக்கிறான்.

விடிந்ததும் கதவைத் தட்டினாள் குப்பை வண்டி எலிசா.
"உன் பச்சை வண்டி டிரான்ஸ்பார்மர்கிட்ட நிக்குதுக்கா."

எங்கள் அயனாவரம் தெருவின் ஏழாவது விளக்குக் கம்பம்.
ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தான்,
விருந்துக்கு வந்தவன் மாதிரி.
கட்டையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் கீறல்,
போல்ட்டின் மூன்று பக்கமும் முயன்றிருக்கிறான்.
ரப்பரில் சேறு. பெரிய பாதம்.
இடது முழங்கால் ஒவ்வொரு சுற்றுக்கும்
வயிற்றை இடித்திருக்கும்.
எந்தப் பக்கம் விழுவதென்று தெரியாமல்
மழையில், இருட்டில், ஏழு கம்பம் தூரம்
என் காலை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

சிரிக்கலாம் என்று வாயெடுத்தேன்.
எலிசா முந்திக்கொண்டாள்.
"போலீஸ்ல சொல்வியா?"
"என்னன்னு சொல்ல?"

துணியால் துடைத்துவிட்டு ஏறி மிதித்தேன்.
வில்லிவாக்கம் தாண்டி பாடி மேம்பால இறக்கத்தில்
நெய் டின் தடதடத்தது.
முன் திருகுதான், பசு இருக்கும் பக்கம்.
ஒரு மில்லி வாஷர் வைக்க வேண்டும்.
ஒன்றேகால் கிடைத்தால் இன்னும் நல்லது.